அந்த நூற்றெண்பது யாருடையது

பினாங்கில் இப்போது யாரைப் பார்த்தாலும் ஸ்டார்ட்டப் என்கிறார்கள். முன்பெல்லாம் கல்யாண வீட்டில் மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டால், "பத்து காவான் பேக்டரில இஞ்சினியர்" என்று ஒரே வரியில் பதில் வரும். கேட்டவரும் திருப்தியாகச் சாப்பிடப் போய்விடுவார். இப்போது "சொந்தமா ஒண்ணு ஆரம்பிச்சிருக்காரு" என்கிறார்கள். அது என்னவென்று வாயைத் திறந்து கேட்டுவிட்டால் போச்சு, இலையில் பாயசம் ஆறிவிடும்.

நானும் அப்படி மாட்டிக்கொண்டவள்தான். வாழ்க்கையில் பாதிக்கு மேல் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்துவிட்டு ஓய்வு பெற்றேன். எங்கள் ஊரில் நர்ஸை மிஸி என்பார்கள். தலை நரைத்தாலும் மிஸி மிஸிதான். வீட்டில் சும்மா உட்கார்ந்து என் வீட்டுக்காரரைத் திருத்திக்கொண்டிருந்த சமயத்தில் ஒரு டாக்டர் போன் செய்தார். வார்டில் என்னோடு பல வருடம் மல்லுக்கட்டியவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பேச்சில் அந்த வாடை இன்னும் போகவில்லை. பெரியாஸ்பத்திரியை விட்டு வந்து டத்தோ கிராமாட் ரோட்டில் சொந்தமாகக் கிளினிக் வைத்திருக்கிறார். அவரும் ஒரு கணக்காளரும் ஒரு வழக்கறிஞரும் இரண்டு வியாபாரிகளும் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். மருத்துவத்தில் புதிதாக ஏதாவது செய்கிறோம் என்று வரும் சின்னக் கம்பெனிகளைப் பார்த்து, தேறும் என்று தோன்றினால் பணம் போட்டு வளர்த்துவிடுவது அவர்கள் எண்ணம்.

"நாங்கள் அஞ்சு பேரும் சுவரில படத்தைப் பாத்து நல்லா ஏமாறுறம் மிஸி," என்றார். "ஏமாறாத ஆள் ஒண்டு வேணும். நீங்கள் வந்து இருங்கோ."

"பணம் போட எங்கிட்ட ஏது டாக்டர்."

"காசு வேண்டாம். உங்கட வாய் போதும்."

என் வாயைக் குறை சொன்னவர்கள் நிறைய. அதற்கு நாற்காலி போட்டுக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். போனேன்.

பீச் ஸ்திரீட்டில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் மாதம் ஒருமுறை கூடுவோம். இளசுகள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சுவரில் படம் விழும். படத்தில் ஒரு கோடு இடது மூலையில் தரையில் தொடங்கி வலது மூலையில் கூரையை இடிக்கும். இன்னும் மூன்று வருடத்தில் கம்பெனி எங்கே இருக்கும் என்று காட்டும் கோடு அது. எல்லோருடைய கோடும் அப்படித்தான் ஏறும். நடுவில் கொஞ்சம் மூச்சு வாங்கி உட்கார்ந்த கோடு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

எனக்குக் கோடு பார்க்கத் தெரியாது. நான் கேட்பதெல்லாம் வேறு. இதை வீட்டில் எங்கே வைப்பார்கள், யார் துடைப்பார்கள், கைலி கட்டிக்கொண்டிருக்கும்போது இதை எதில் மாட்டுவது. ஒரு தம்பி கைத்தடி ஒன்று கொண்டுவந்தார். பெரியவர் கீழே விழுந்தால் மகனுடைய போனுக்குச் செய்தி போகும். அருமையான தடி. ஆனால் தினமும் சார்ஜ் போட வேண்டும், எங்கள் வீடுகளில் ப்ளக் தரையோரம் இருக்கும். "குனிஞ்சு ப்ளக் மாட்டத் தெம்பு இருக்கிறவருக்குத் தடி எதுக்கு தம்பி?" என்றேன். பாவம், முகம் சுருங்கிவிட்டது. இன்னொருவர் நாக்கைப் படம் பிடித்தால் நோயைச் சொல்லும் செயலி கொண்டுவந்தார். நான் அப்போதுதான் கீழே கடையில் சிவப்புச் சிரப் ஊற்றி ஐஸ் கச்சாங் சாப்பிட்டுவிட்டு ஏறியிருந்தேன். என் நாக்கைப் பார்த்ததும் அது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்றது. வழக்கறிஞர் சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனார்.

திட்டுவேனே தவிர எனக்கு அந்தப் பிள்ளைகளைப் பிடிக்கும். கூட்டம் முடிந்ததும் கீழே கூட்டிக்கொண்டு போய்க் கோப்பி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் விடுவேன். தடிக்காரத் தம்பி பிறகு பேட்டரியை மாற்றிக்கொண்டு மறுபடியும் வந்தார், தேறிவிட்டார்.

அந்தப் பெண் வந்தது போன வருடம் மழைக்காலத்தில். முப்பத்துச் சொச்சம் வயது, ஒரு சின்னக் குழந்தைக்குத் தாய், ஒல்லி, நடை மட்டும் ஓட்டம். பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில் இஞ்சினியர். சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு, பட்டர்வொர்த்தில் ஒரு சின்னக் கடையை வாடகைக்குப் பிடித்து, ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷின் ஒன்று செய்திருந்தாள். அந்த மாதிரி மெஷின் கடையில் குவிந்து கிடக்கிறதே என்று வியாபாரி ஒருவர் கொட்டாவி விட்டார். இவளுடையது பேசும். கையில் பட்டையைக் கட்டிப் பட்டனை அழுத்தினால் அளவைத் தமிழில் சொல்லும். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லும். பிள்ளைகளுடைய போனுக்கும் கிளினிக்குக்கும் கணக்கை அனுப்பும்.

"நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு நம்பர் தெரியுதுங்க," என்றாள். "நூத்தம்பது, நூத்தறுபதுன்னு சொல்றாங்க. அது நல்லதா கெட்டதான்னுதான் தெரியல. மெஷினே சொல்லிட்டா கேட்டுக்குவாங்க."

கணக்காளர் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "கோடு எங்கம்மா?"

"இன்னும் ஏறலைங்க," என்றாள்.

எனக்கு அவளை அந்த இடத்திலேயே பிடித்துப்போயிற்று. ஆனால் பிடித்துப்போவதும் மார்க் போடுவதும் வேறு வேறு. ஒரு மெஷினை ஒரு வீட்டில் இரண்டு மாதம் வைத்துப் பார்ப்போம், ஒழுங்காக வேலை செய்தால் பணம் போடுவோம் என்று டாக்டர் முடிவு சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு, "ரெண்டு மாசத்துல என் லீவும் முடிஞ்சிடும் டாக்டர்," என்றாள். "நீங்க சரின்னு சொன்னா வேலைய விட்டுட்டு முழுசா இறங்கிடுவேன். இல்லன்னா திங்கக்கிழமை காலையில கம்பெனி பஸ்ஸு. ரெண்டுல ஒண்ணுதான்."

எந்த வீடு என்ற கேள்விக்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. என் அண்ணன் வீடு. ஆயர் ஈத்தாமில் நாங்கள் இருக்கும் பிளாட்டிலேயே எனக்கு ஒரு மாடி கீழே இருக்கிறார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ரத்தக் கொதிப்பு உண்டு. மருந்து சாப்பிடுகிறாரா என்று கேட்டால் கூரையைப் பார்ப்பார். அண்ணி சொன்னாலும் கேட்க மாட்டார், தங்கச்சி மிஸி சொன்னால் கேட்கவே மாட்டார். அந்த வீட்டில் தேறும் மெஷின் எந்த வீட்டிலும் தேறும்.

அந்தப் பெண் சாப்பாட்டு மேசையில் டீ ஜாடிக்கும் பிஸ்கட் டின்னுக்கும் நடுவில் மெஷினைக் கொண்டுபோய் வைத்தாள். அதில் பேசுவது வானொலியில் செய்தி வாசிப்பவர்களின் தமிழ். முதல் நாள் அண்ணன் கையில் பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "தங்கள் இரத்த அழுத்தம் சற்று உயர்வாக உள்ளது. உப்பைக் குறைத்துக்கொள்ளவும். அமைதியாக அமர்ந்து ஓய்வெடுக்கவும்," என்றது மெஷின். அண்ணன் அப்படியே உருகிப்போனார்.

"என்னா மரியாதை பாத்தியா. தங்கள்ங்குது. இந்த வீட்ல என்னைய யாராவது தங்கள்னு சொல்லியிருக்கீங்களா?"

அன்று சாயங்காலம் கருவாட்டைத் தள்ளி வைத்துவிட்டார். அண்ணி என்னிடம் வந்து முணுமுணுத்தாள். "நான் கத்துனா உப்பு கொறையல. அவ யாரோ ஒருத்தி சொன்னா கொறையுது."

முதல் இரண்டு வாரம் அண்ணனுடைய கணக்கு என் போனுக்கு ஒழுங்காக வந்தது. மெல்ல இறங்கவும் செய்தது. எனக்கு ஒரே பெருமை. மூன்றாவது வாரத்திலிருந்துதான் கூத்து. சாயங்காலம் நூற்று முப்பது என்று வரும், கொஞ்ச நேரத்தில் தொண்ணூற்றெட்டு, அடுத்து நூற்று அறுபது, உடனே நூற்றுப் பத்து. ஒரு நாள் நூற்றெண்பதைத் தாண்டி ஏறிவிட்டது. அதே கணக்கு டாக்டருக்கும் போகுமல்லவா, போன் அடித்தார்.

"மிஸி, உங்கட அண்ணர் உயிரோட இருக்கிறாரோ?"

செருப்பைக்கூட மாட்டாமல் படியில் இறங்கி ஓடினேன். அண்ணன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கிழங்கு வைத்துப் பொரித்த கறிபப் தின்றுகொண்டிருந்தார். "என்னா இப்படி மூச்சு வாங்குற, ஒனக்குப் பிரஷரா?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கறிபப்பைப் பிடுங்கிக் கீழே போட்டிருப்பேன்.

அடுத்த கூட்டத்தில் அந்தப் பெண்ணை உட்கார வைத்து டாக்டர் கேட்டார். ஒரே ஆளுக்கு அரை மணி நேரத்துக்குள் இப்படி ஏறி இறங்குமா, ஏறினால் அந்த ஆள் பிழைப்பாரா. அவளுக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

"ஒரு பிழை இருக்கு டாக்டர். அப்பப்ப திடீர்னு மேல ஏறிடுது. கடையில டெஸ்ட் பண்ற கருவியில மாட்டிப் பாத்தா சரியா காட்டுது. மனுஷக் கையில கட்டுனாதான் ஏறுது. நானும் கழட்டிக் கழட்டி மாட்டிப் பாத்துட்டேன், பிடிபட மாட்டேங்குது."

"பிள்ளை, பிழையான கணக்குச் சொல்லுற மெஷினை நான் ஒரு வீட்டிலயும் வைக்க விடேலாது," என்றார் டாக்டர். கடுமையாகச் சொல்லவில்லை, அவருக்கும் வருத்தம்தான். "இதுக்கெண்டே வாற புதன்கிழமை திரும்பக் கூடுவம், அதுக்குள்ள கண்டுபிடியும். இல்லாட்டி நாங்கள் மாட்டம் எண்டுதான் சொல்ல வேணும்."

படியிறங்கும்போது வழக்கம்போலக் கோப்பிக்குக் கூப்பிட்டேன். தலை வலிக்கிறது, கடைக்குப் போய் மறுபடி திறந்து பார்க்க வேண்டும் என்று ஓடிவிட்டாள். எனக்கு மனசே ஆறவில்லை. இவ்வளவு நல்ல பெண் ஒரு பிழையால் திங்கட்கிழமை பஸ் ஏறப் போகிறாளே என்று அன்றைக்குச் சமையலில்கூட எனக்குக் கவனமில்லை. வீட்டுக்காரர் வாய் திறக்காமல் சாப்பிட்டு எழுந்தார்.

மறுநாள் சாயங்காலம், சொல்லாமல் கொள்ளாமல் அண்ணன் வீட்டுக்கு இறங்கினேன். வாசலில் செருப்புக் குவியல், ஏதோ விசேஷ வீடு மாதிரி. கம்பிக்கதவு திறந்து கிடந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் நாலைந்து பேர் வரிசையாகச் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கீழ் மாடி மலாய்க்கார அம்மா ஒருவர், எதிர்வீட்டு அக்கா, டாக்சி ஓட்டிய சீனக் கிழவர். அண்ணனுடைய துறைமுகத்துக் கூட்டாளி பட்டையைக் கட்டிவிட்டுக்கொண்டிருந்தார், என்னமோ பிறந்ததிலிருந்து அதுதான் தொழில் என்பதுபோல. மெஷின் செந்தமிழில் சொல்லச் சொல்ல, அண்ணன் அதை மலாயில் எடுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"உப்பு கொறைக்கச் சொல்லுது லா," என்று சீனக் கிழவருக்குக் கையாலும் காட்டினார். கிழவர் பயபக்தியோடு தலையாட்டினார்.

நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். "அண்ணி, என்னா நடக்குது இங்க?"

அண்ணி தட்டில் டீயை வைத்துக்கொண்டு வந்தாள். "என்னா நடக்குது? டீ குடிக்க வர்றாங்க. மெஷின் இருக்கிறத பாத்துட்டு கைய நீட்டுறாங்க. வீட்டுக்கு வந்தவங்ககிட்ட இல்லன்னு சொல்ல முடியுமா?"

சொல்ல முடியாதுதான். எங்கள் பிளாட்டில் அரைக்கிற மெஷின் ஒரு வீட்டில் இருக்கும், ஏணி ஒரு வீட்டில் இருக்கும், நீளமான வயர் ஒரு வீட்டில் இருக்கும். எல்லோருக்கும் எல்லாம் உண்டு. ஒரு வீட்டில் வைத்த மெஷின் அந்த வீட்டு ஆளை மட்டும் பார்க்கும் என்று நம்பினோமே, டாக்டரும் அந்தப் பெண்ணும் ஒரு மாடி மேலே குடியிருக்கும் நானும், எங்களைச் சொல்ல வேண்டும். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். எல்லாக் கையும் அண்ணன் பேரில் ஏறியிருக்கிறது. மனுஷன் ஒரே சாயங்காலத்தில் சீனக் கிழவராகவும் மலாய்க்கார அம்மாவாகவும் இருந்திருக்கிறார்.

அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அப்ப மெஷின்ல தப்பு இல்லையாக்கா?" என்றாள்.

"தப்பு இல்ல. யாரு கைன்னு மொதல்ல கேக்குற மாதிரி பண்ணு. வீட்டுக்கு ஒரு மெஷின் இல்ல, மாடிக்கு ஒரு மெஷின்னு விக்கலாம்."

டாக்டரிடமும் சொன்னேன். எத்தனை பேருடைய மெஷினைப் பார்த்துவிட்டோம், எதற்காவது பக்கத்து வீட்டுக்காரர் வரிசையில் உட்கார்ந்து பார்த்தோமா என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல செய்தி என்றார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"சரி மிஸி. அந்த நூற்றெண்பது ஆருடைய கை?"

அதுவரை எனக்கு அது உறைக்கவில்லை. போனை எடுத்துப் பார்த்தேன். அந்த அளவு ஒரு தரம் வந்து போனதல்ல. சில நாள் விட்டு சில நாள், சாயங்காலத்தில், திரும்பத் திரும்ப வந்திருந்தது. மற்ற கணக்குகளெல்லாம் கிழங்கட்டைகளுக்கு வருவதுதான். இது அப்படியல்ல. இந்த அளவோடு படியேறி இறங்கி, சிரித்துப் பேசி, டீ குடித்துவிட்டுப் போகிற யாரோ ஒருவர் என் அண்ணன் வீட்டில் உட்கார்ந்து எழுந்திருக்கிறார். அந்த மாதிரி ஆட்கள் வார்டுக்கு எப்படி வந்து சேருவார்கள் என்று எனக்குத் தெரியும். வாய் கோணி, கை விழுந்து, தூக்கிக்கொண்டு வருவார்கள். இப்போது அந்த ஆளைக் கண்டுபிடிக்காவிட்டால் மெஷினும் போயிற்று, ஆளும் போயிற்று. பிழை என்று ஒதுக்கவும் முடியாது, சரி என்று விடவும் முடியாது.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரையும் வரச் சொல்லிவிட்டேன். வராமல் இருந்துவிடக் கூடாதே என்று அண்ணியை உளுந்து வடை சுடச் சொன்னேன். பிரஷர் பார்க்கும் என்னுடைய பழைய கைப்பம்பையும் ஸ்டெதஸ்கோப்பையும் அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டேன். காதால் கேட்டுப் பார்த்தால்தான் எனக்குத் திருப்தி. அந்தப் பெண்ணையும் வரச் சொல்லியிருந்தேன். கடையில் வேலை முடித்துவிட்டு வருகிறேன் என்றாள்.

யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. துறைமுகத்துக் கூட்டாளிதான். நாசி கண்டார் சோற்றுக்கடையில் குழம்பு தனியாக ஒரு கிண்ணம் வாங்கிக் குடிக்கிற ஆள், கழுத்து வேறு குட்டை. அவரை முதலில் பிடித்து உட்கார வைத்தேன். நூற்று முப்பது. நம்பாமல் மறுபடி பம்ப் அடித்தேன். நூற்று இருபத்தெட்டு.

"என்னா மிஸி, மூஞ்சி தொங்கிப் போச்சு?" என்றார். "நான் போயிருவேன்னு மாலை வாங்கி வச்சிருந்தீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். எதிர்வீட்டு அக்காவைப் பார்த்தேன், மலாய்க்கார அம்மாவைப் பார்த்தேன், சீனக் கிழவரைப் பார்த்தேன். மேல் மாடி, கீழ் மாடி என்று வடை வாசத்துக்கு வந்த அத்தனை பேரையும் பார்த்தேன். அண்ணியை அடுப்படியிலிருந்து இழுத்து வந்து பார்த்தேன். அவளுக்குத்தான் எல்லோரையும்விட நல்ல கணக்கு. கடைசியில் கூட்டாளி பம்பைப் பிடுங்கிக்கொண்டு, "மிஸிக்கு யாரு பாக்குறது?" என்று என் கையை மெஷினில் கட்டினார். தங்கள் இரத்த அழுத்தம் சற்று உயர்வாக உள்ளது, அமைதியாக அமர்ந்து ஓய்வெடுக்கவும் என்றது. அண்ணன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எனக்கு நூற்று நாற்பத்திரண்டு. கோபத்தில் ஏறியது அது, எனக்குத் தெரியாதா.

ஆனால் நூற்றெண்பது யாரிடமும் இல்லை. வடை தீர்ந்துபோயிற்று. ஆட்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அப்படியானால் மெஷினில்தான் கோளாறு. அந்தப் பெண் வந்தால் இதை எந்த வாயால் சொல்வது என்று நான் உட்கார்ந்திருந்தேன்.

வந்தாள். கையில் ஸ்குரூ டிரைவர் பை. "கண்டுபிடிச்சீங்களாக்கா?" என்றாள். நான் இல்லை என்று தலையசைத்தேன். அவள் நேராக மேசைக்குப் போய், மெஷினை இழுத்து, பட்டையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு பட்டனை அழுத்தினாள்.

"மொதல்ல டீய குடிம்மா," என்றாள் அண்ணி. "எப்ப வந்தாலும் இதே வேல. வந்ததும் வராததுமா அத எடுத்துக் கட்டிக்கிட்டு, பாத்துட்டு, மூஞ்சிய தொங்கப் போட்டுக்கிட்டு, கழட்டி நோண்டிட்டுப் போவுது."

மெஷின் உறுமி அடங்கியது. நூற்று எண்பத்து நான்கு என்றது. உடனடியாக மருத்துவரை அணுகவும் என்றது.

"பாத்தீங்களா," என்று அவள் பட்டையைப் பிய்த்து எடுத்தாள். கண் கலங்கியிருந்தது. "நான் டெஸ்ட் பண்ணும்போதெல்லாம் இப்படித்தான்க்கா. எந்த மெஷின கட்டுனாலும் இப்படித்தான் ஏத்திக் காட்டுது. எத்தன தடவ சரி பண்ணிட்டேன்."

நான் எழுந்தேன். "மெஷின கீழ வையி," என்றேன். "அந்த நாற்காலியில சாஞ்சு உக்காரு. கால் மேல கால் போடாத. பேசாத."

"எதுக்குக்கா?"

"பேசாதன்னேன்ல."

வார்டில் பயன்படுத்திய குரல் அது, அண்ணன்கூட வாயை மூடிக்கொண்டார். படியேறி வந்த மூச்சு அடங்கட்டும் என்று அவளைச் சும்மா உட்கார வைத்தேன். அண்ணி காற்றாடியைத் திருப்பிவிட்டாள். பிறகு என் பழைய பட்டையை அவள் கையில் கட்டி, ஸ்டெதஸ்கோப்பைக் காதில் வைத்து, மெல்லப் பம்ப் அடித்துக் காற்றை விட்டேன். சத்தம் தொடங்கிய இடத்தைப் பார்த்தேன். மற்ற கையிலும் பார்த்தேன். நூற்று எண்பதுக்குக் கீழே இறங்கவில்லை.

"தல வலிக்குதா அடிக்கடி?"

"வேல டென்ஷன்க்கா. மாத்திர போட்டுக்குவேன்."

"பிள்ள வயித்துல இருக்கும்போது பிரஷர் இருந்துச்சா?"

"இருந்துச்சு. பொறந்ததும் போயிடும்னாங்க. அப்புறம் நான் போய்ப் பாக்கல, மக ராவெல்லாம் தூங்க மாட்டா, அதுக்கப்புறம் இந்த மெஷின் வேல..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். என் கையிலிருந்த பழைய பட்டையைப் பார்த்தாள். மேசையில் இருந்த தன் மெஷினைப் பார்த்தாள். "ஒங்களுதும் அதேதான் காட்டுதா?"

"அதேதான்."

அவள் முகம் அப்படியே மலர்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மாதிரி சந்தோஷத்தை நான் பிரசவ வார்டில்கூடப் பார்த்ததில்லை.

"அப்ப மெஷின் சரியாத்தான் இருக்கு," என்றாள். "அண்ணே, மெஷின் சரியாத்தான் இருக்கு."

எனக்கு அவளைக் கட்டிக்கொள்வதா, ஓங்கி ஒன்று வைப்பதா என்று தெரியவில்லை. ஊரில் இருக்கிற எல்லோர் கையையும் பார்க்க ஒரு மெஷின் செய்தவள், அது தன் கையைப் பார்த்துச் சொன்னதை மட்டும் நம்பவில்லை. எண் ஏறினால் மெஷினைத்தான் திருகினாள். வார்டில் நான் பார்த்த எத்தனையோ பிடிவாதக்காரர்கள் மருந்தைத் துப்பினார்கள், ஊசிக்கு ஓடினார்கள். இந்த மாதிரி ஒரு பிடிவாதத்தை நான் கண்டதில்லை. பிடி பிடி என்று பிடித்தேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள், ஆனால் உதட்டோரம் சிரிப்பு போகவே இல்லை.

அண்ணன் காடிச் சாவியை எடுத்துவிட்டார், அவர் காரில்தான் கிளம்பினோம். டாக்டருக்குப் போன் செய்தேன், கிளினிக்கை மூடாமல் காத்திருக்கிறேன் என்றார். வழி முழுக்க அவள் கணவனோடு போனில் பேசிக்கொண்டு வந்தாள். மெஷினில் ஒரு பிழையும் இல்லை, எல்லாம் சரி, புதன்கிழமை கூட்டத்தில் தைரியமாகப் பேசலாம். எங்கே போகிறோம் என்று சொன்னாளா என்றால் அதுதான் இல்லை. கடைசியில் நான் போனைப் பிடுங்கி, "தம்பி, பொண்டாட்டியத் தூக்கிக்கிட்டு டாக்டர்கிட்ட போய்க்கிட்டு இருக்கோம், நீயும் வந்து சேரு," என்று விலாசத்தைச் சொல்லி வைத்தேன்.

டாக்டர் தன் கருவியால் இரண்டு கையிலும் பார்த்தார். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். காலை அமுக்கிப் பார்த்தார். நல்ல வேளை, இன்னும் எதையும் கெடுக்கவில்லை போல இருக்கிறது, சிறுநீரும் ரத்தமும் பார்த்துவிட்டுத்தான் முழுதாகச் சொல்ல முடியும் என்றார். இன்றிலிருந்தே மருந்து, ஒரு வாரம் வீட்டை விட்டு நகரக் கூடாது, அடுத்த சனிக்கிழமை மறுபடி வந்து காட்ட வேண்டும் என்றார். அவள் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினாள், சந்தைக்கு அவசரமாகக் கிளம்புகிறவள் மாதிரி.

"டாக்டர், புதன்கிழமை நான் வரணுமே."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நீர் வரத் தேவையில்லை. உம்மட மெஷினுக்கு நான் ஓகே சொல்லுறன் பிள்ளை. மற்றவையளோட நானும் மிஸியும் கதைக்கிறம். உமக்குத்தான் நான் இன்னும் ஓகே சொல்லேல்லை."

அவள் சிரித்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள், டாக்டரைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"எம் மகளுக்கு ரெண்டு வயசுதான்க்கா ஆவுது," என்றாள் கைக்குள்ளிருந்து.

நான் அவளை இழுத்து என் தோளில் சாய்த்துக்கொண்டேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

"அதான் கண்டுபிடிச்சாச்சே," என்றேன். "நீ செஞ்ச மெஷின்தானே கண்டுபிடிச்சிருக்கு. இனிமேலாவது அது சொல்றத கேளு."